ஹொசூர் ரோடு ஆஸ்பத்திரியில் மூன்றரை வருஷங்கள்

(நமது பெங்களூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிளைச் செயலாளர் என்னை அழைத்தபோது, "ஓய்வுக்குப் பிறகு ஆரோக்கியம் என்று ஏதாவது பேசுங்கோ ஸார்" என்றார். அதற்கு இந்த ஹாலிலேயே நாலைந்து டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் வெறும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அரசாங்க உத்தியோகத்தில் 36 வருஷம் குப்பை கொட்டியவன். ஆனால் உங்களில் யாரும் பார்த்திராத ஒரு இடத்தை நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். 1971 ஜூலையிலிருந்து 1974 டிசம்பர் வரை பெங்களூர் மனநோய் ஆஸ்பத்திரியில் செகண்ட் டிவிஷன் கிளார்க்காக இருந்தேன். என்னை நாற்பது வருஷமாகத் தெரிந்தவர்களிடம்கூட "ஹெல்த் டிபார்ட்மெண்டில் இருந்தேன்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். மதராஸ்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, பெங்களூர்க்காரர்களுக்கு நிம்ஹான்ஸ் அப்படி. பெயரைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "வேலையாத்தானே இருந்தேள்?" என்று கேட்பார்.

இந்த ஆஸ்பத்திரியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பேட்டைப் பகுதியில் 'லுனாடிக் அஸைலம்' என்ற பெயரில் தொடங்கியது. 1925இல் மைசூர் சமஸ்தானம் அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'மெண்டல் ஹாஸ்பிடல்' என்று மாற்றியது. 1930களில் ஹொசூர் ரோடில், லக்கசந்திராவில், கல் கட்டடங்கள் எழுப்பி அங்கே கொண்டு போனார்கள். அப்போது அது ஊருக்கு வெளியே. 1954இல் மத்திய அரசு அதே வளாகத்தில் அகில இந்திய மனநல நிலையத்தை நிறுவியது. டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி ஆஸ்பத்திரிக்கும் சூப்பரின்டெண்ட், நிலையத்துக்கும் முதல் டைரக்டர். நான் சேர்ந்தபோது அவர் காலமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் பழைய ஊழியர்கள் பேச்சில் தினமும் ஒரு தடவை அவர் பெயர் வந்துவிடும். ஆக நான் போனபோது ஒரே காம்பவுண்டுக்குள் மாநில அரசு ஆஸ்பத்திரி ஒன்று, மத்திய அரசு நிலையம் ஒன்று. அலவன்ஸ் விஷயத்தில் யார் பாக்கியசாலிகள் என்று சொல்ல வேண்டியதில்லை! 1974 டிசம்பர் 27 அன்று இரண்டையும் இணைத்து நிம்ஹான்ஸ் ஆக்கினார்கள். அத்துடன் பழைய மனநோய் ஆஸ்பத்திரி என்ற பெயர் போயிற்று. எனக்கும் மாற்றல் வந்தது.

சேர்ந்த முதல் நாள் சாமராஜ்பேட்டையிலிருந்து சைக்கிளில் லால்பாக் ஓரமாகப் போனேன். அம்மா சுவாமிக்கு விளக்கேற்றி, திருநீறு இட்டு அனுப்பினாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் தபால் இலாகாக்காரர். "கவர்ன்மெண்ட் வேலைன்னா எங்கே போட்டாலும் போகணும்" என்பார், அவ்வளவுதான்.

நான் பயந்தது போல அங்கே கூச்சல் எதுவும் இல்லை. முதலில் என்னைத் தாக்கியது அமைதியும் சாவிச் சத்தமும். அந்தக் காலத்தில் அங்கே வார்டு என்றால் பூட்டிய வார்டுதான். அட்டெண்டர் இடுப்பில் சாவிக் கொத்து. ஷிப்டு மாறும்போது தலை எண்ணுவது. ஸ்பூன், தட்டு, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் கணக்கு. மாலையில் கடைசிப் பூட்டு விழும் சத்தம் ஆபீஸ் அறை வரைக்கும் கேட்கும். ஒரு மாசத்தில் அது பழகிவிட்டது. பழகியதுதான் பிற்பாடு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்னொன்று வாசனை. ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டர் என் பொறுப்பில் இருந்ததால் மருந்து அறைக்கு அடிக்கடி போவேன். பாரல்டிஹைடு என்று ஒரு திரவம், பழைய தூக்க மருந்து. அது போகும் இடமெல்லாம் காட்டமான ஒரு நெடி வரும். கண்ணாடி பாட்டிலில்தான் வைக்க வேண்டும், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். உபயோகம் அப்போதே குறைந்துகொண்டு வந்தது. அதன் இடத்தைப் பிடித்தது லார்காக்டில் என்ற குளோர்புரோமசீன். கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு அதில் ஒரு ரசமான சங்கதி உண்டு. காலேஜ் லேபில் மெதிலீன் ப்ளூ என்ற சாயம் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாயத்தின் குடும்பமான ஃபீனோதயசீனில் பிறந்ததுதான் இந்த மருந்தும். 1952இல் பாரிஸில் டிலே, டெனிகர் என்ற இரு டாக்டர்கள் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்காகத் தனக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் பேச ஆரம்பித்தார்கள். வெயிலில் போனால் தோல் கறுக்கும், கை நடுங்கும், வாய் உலரும். தோஷங்கள் எல்லாம் உண்டு. ஆனாலும் பூட்டைத் திறக்க வைத்தது சட்டத்தை விட அந்த மாத்திரைதான் என்பது என் அபிப்பிராயம்.

லேபில் இருந்த நண்பர் ஒருவர் எனக்கு ஃபிளேம் ஃபோட்டோமீட்டரைக் காட்டினார். லித்தியம் மருந்து சாப்பிடுபவர்களின் ரத்தத்தை அதில் சோதிப்பார்கள். லித்தியம் உப்பு ஜுவாலையைச் செக்கச்செவேல் என்று ஆக்கும். நாம் உப்புச் சோதனையில் செய்தோமே, அதே தத்துவம். அளவு கொஞ்சம் கூடினால் விஷம், குறைந்தால் பிரயோஜனமில்லை. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்பவர் கண்டது. சித்தப்பிரமை, கிரக தோஷம் என்று பாட்டிமார் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை ஒரு உலோக உப்பு கட்டுக்குள் வைக்கிறது என்று பார்த்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

ரிஜிஸ்டர் போக என் மேஜையில் இருந்த இன்னொரு வேலை கடிதங்கள். அப்போது அமலில் இருந்தது 1912ஆம் வருஷத்து லுனஸி சட்டம். மாஜிஸ்ட்ரேட் உத்தரவின் பேரில் பலர் உள்ளே வருவார்கள். குணமானபின், உறவினர் யாராவது பொறுப்பேற்று அழைத்துப் போக வேண்டும். "இன்னார் இப்போது தேறிவிட்டார், தாங்கள் வந்து அழைத்துப் போகலாம்" என்று நான் டைப் அடிப்பேன், டாக்டர் கையெழுத்துப் போடுவார். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் அடிப்பேன். முதல் கடிதத்துக்குப் பதில் வராது. இரண்டாவது நினைவூட்டல். மூன்றாவது ரிஜிஸ்டர் தபால். அது சிவப்பு மை எழுத்தோடு திரும்பி வரும்.

ஒரு நாள் வீட்டில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "என்ன எழுதியிருந்தது?" என்றார். சிலதில் 'லெஃப்ட்', சிலதில் 'ரெஃப்யூஸ்டு' என்றேன். "ரெஃப்யூஸ்டுன்னு போட்டிருந்தா ஆள் அங்கேயேதான் இருக்கார்னு அர்த்தம்டா" என்றார்.

அந்த வார்டுகளில் எல்லா ஜாதி, எல்லா மதத்தாரும் இருந்தார்கள். நம்மவர்களும் இருந்தார்கள். நம் சங்கத்தின் கூட்டத்தில் சொல்வதால் நம்மவர்களைப் பற்றியே சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மாமி ஒருவர். ஐம்பது வயதுக்குள் இருக்கும். பிரசவத்துக்குப் பின் வந்த வியாதி வளர்ந்து, பம்பாயிலிருந்து பெங்களூர் உறவினர் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர். நான் பார்த்தபோது மருந்தில் நன்றாகத் தேறியிருந்தார். தோட்டத்தில் பூப்பறித்து ஆபீஸ் அறையில் இருந்த சரஸ்வதி படத்துக்குத் தொடுத்துப் போடுவார். என் பேச்சைக் கேட்டவுடன், "நீ எந்த ஊர்டா கொழந்தே?" என்றார். பூர்வீகம் கும்பகோணம் என்றவுடன் அவருக்கு நான் சொந்தமாகிவிட்டேன். திங்கட்கிழமை தவறாமல் ஜன்னலுக்கு வெளியே நிற்பார். "தபால் உண்டா?" "இன்னும் வரலை மாமி." "சரி, அவாளுக்கு என்ன வேலையோ." இவ்வளவுதான் பேச்சு. நான் அனுப்பிய நாலு கடிதங்களும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தன.

பிறகு ஒரு நாள் மணியார்டர் வந்தது. 25 ரூபாய், அவர் பிள்ளை அனுப்பியது. கூப்பனில் இங்கிலீஷில் இரண்டு வரி. சில்லறைச் செலவுக்கு இந்தப் பணம், தயவு செய்து அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று. மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு கூப்பனை என்னிடம் நீட்டினார். "என்ன எழுதியிருக்கான்? சௌக்கியமா இருக்கானாமா?" நான் 23 வயதுப் பையன். "எல்லாரும் சௌக்கியமாம் மாமி. லீவு கிடைச்சா வராராம்" என்றேன். அவர் கூப்பனை மடித்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். நான் மாற்றலாகிப் போன அன்றும் ஜன்னலுக்கு வந்து, "பெரிய உத்தியோகமா வருவே, போயிட்டு வா" என்று ஆசீர்வாதம் பண்ணினார்.

அந்தப் பிள்ளையைத் திட்டுவது சுலபம். நானும் அன்றைக்குத் திட்டினேன். இப்போது யோசித்தால், அவனுக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? பத்து வயதிலிருந்து "அம்மா ஊர்ல இல்லை" என்று அக்கம்பக்கத்தில் சொல்லப் பழகியவன் திடீரென்று அம்மாவை எங்கிருந்து கூட்டி வருவான்?

இந்த இடத்தில் நம் தேசத்து டாக்டர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டு நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். வேலூர் மெடிகல் காலேஜின் மனநல மையத்திலும் அதே வழி, அங்கேயும் ஒருவர் கூடவே தங்க வேண்டும். பிறகு பெங்களூரிலும் குடும்ப வார்டு வந்தது. கூட இருந்து சமைத்துப் போட்டு, மருந்து கொடுக்கப் பழகியவர்கள் நோயாளியை விட்டுவிட்டுப் போவதில்லை. உங்கள் பிள்ளைகள் இருக்கும் அமெரிக்காவில் 1955இல் அரசு மனநோய் ஆஸ்பத்திரிகளில் ஐந்தரை லட்சம் பேர் இருந்தார்கள். 1980க்குள் அது ஒன்றரை லட்சத்துக்கும் கீழே வந்தது. ஆனால் வெளியே வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு வாசலில் நின்று கூப்பிட ஆளில்லை. சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் நடந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டாம்.

நம் பக்கமும் பெருமைப்பட மட்டும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களைக் கட்டியவர்கள் யாரோ, அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் சொந்தக்காரர்கள். இப்போது 2017ஆம் வருஷத்துச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் நல்ல சட்டம். போக வீடு வேண்டுமே!

இனி கொஞ்சம் ஆபீஸ் பேச்சு. ஓய்வுக்குப் பிறகு உறுப்பினர்கள் பலருக்கு பென்ஷன் பேப்பர் எழுதிக் கொடுத்து வருகிறேன். மத்திய அரசு விதிகளின்படி, மனநோயால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கோ பெண்ணுக்கோ, பெற்றோர் இருவருக்கும் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. உரிய டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும், வருமான வரம்பு உண்டு. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே பென்ஷன் ஆர்டரில் பெயரைச் சேர்த்துவிடலாம். மாநில அரசுக்காரர்கள் தங்கள் இலாகாவில் கேட்டுக்கொள்ளவும். விதி இருக்கிறது. ஆனால் என்னிடம் வந்த ஒரு கேஸில், இறந்துபோனவரின் குடும்ப விவரப் படிவத்தில் அந்தப் பிள்ளையின் பெயரே இல்லை! மூத்தவன் பெயர் இருக்கிறது, அமெரிக்காவில் இருக்கும் பெண் பெயர் இருக்கிறது, வீட்டில் இருந்தவன் பெயர் மட்டும் இல்லை. ஆபீஸில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அந்த அப்பா எழுதவில்லை. பிறந்த தேதிச் சான்று, ரேஷன் கார்டு, அஃபிடவிட் என்று அலைந்து அலைந்து வாங்க வேண்டியதாயிற்று. தயவு செய்து இன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, 14416 என்று 'டெலிமானஸ்' தொலைபேசி 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. நிம்ஹான்ஸ் அதற்கு மேல்நிலை மையம். தமிழிலும் பேசலாம், பணம் கிடையாது, பெயர் சொல்ல வெட்கமாக இருந்தால் சொல்லவும் வேண்டாம்.

இத்தனையும் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் அண்ணா என்னை விட மூன்று வயது மூத்தவர். ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மன். கோடு போட்டால் அச்சடித்த மாதிரி இருக்கும். 1977இல் அவருக்கு ஆரம்பித்தது. சகாக்கள் தன்னைப் பற்றி ரேடியோவில் பேசுகிறார்கள் என்றார், பிறகு வேலைக்குப் போவதை நிறுத்தினார். வியாதியின் பெயர் எனக்கு டாக்டர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மூன்றரை வருஷம் அந்தப் பெயரை டைப் அடித்தவன் அல்லவா? உடனே சிகிச்சை ஆரம்பித்தோம். அதில் நான் தாமதம் செய்யவில்லை, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். இரண்டு வருஷத்தில் நன்றாகத் தேறினார். வேலைக்குப் போக முடியவில்லை. ஆனால் மார்க்கெட் போவார், சந்தியாவந்தனம் விட மாட்டார், அம்மாவுக்கு ராமாயணம் படித்துக் காட்டுவார்.

1980இல் தங்கைக்கு மதராஸிலிருந்து நல்ல வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று, "பெரியவர் எங்கே இருக்கார்?" என்று கேட்டார்கள். அப்பா பேசாமல் இருந்தார். நான்தான் சொன்னேன், "டெல்லியில உத்தியோகம், லீவு கிடைக்கலை" என்று. பத்திரிகையில் அவர் பெயரைப் போடவில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் மைசூரில் இருந்த சித்தி அகத்துக்கு அனுப்பினோம். ரயிலேற்றி விட்டதும் நான்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, "முகூர்த்தம் எத்தனை மணிக்குடா?" என்றார். ஒன்பதரையிலிருந்து பத்தரை என்றேன். தலையை ஆட்டினார். திரும்பி வந்தபோது, "எல்லாம் நன்னா நடந்ததா? பருப்புத் தேங்காய் உடையாம வந்ததா?" என்று கேட்டார். தன்னை ஏன் அனுப்பினோம் என்று அன்றும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்துச் சித்தி சொன்னாள். முகூர்த்தத்தன்று காலை அண்ணா ஸ்நானம் செய்து பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, சித்தியிடம் மஞ்சள் அரிசி கேட்டு வாங்கி, ஒன்பதரை மணிக்குக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தாராம். பத்தரை அடித்ததும் அட்சதையை சுவாமி படத்தின் மேல் போட்டுவிட்டு, "ஆச்சு சித்தி, காபி தாங்கோ" என்றாராம்.

மாமியின் பிள்ளை மணியார்டர் கூப்பனில் எழுதியதைத்தான் நான் பிளாட்பாரத்தில் நின்று செய்தேன்.

2004இல் என் பெண்ணின் கல்யாணப் பேச்சு. இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். என் சம்சாரத்துக்குப் பயம்தான், தப்பு சொல்ல மாட்டேன். முதல் இடத்தில் ஜாதகம் அமோகமாகப் பொருந்தியிருந்தது. நான் அண்ணாவைப் பற்றிச் சொன்ன இரண்டாம் நாள் அதே ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. இரண்டாவது இடத்தில் பையனின் அப்பா, "டாக்டரை ஒரு தடவை பார்க்கலாமா?" என்று நேராகக் கேட்டார். அழைத்துப் போனேன். டாக்டர் கணக்காகச் சொன்னார். இந்த வியாதி பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருகிறது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு நூற்றில் பத்து, பெரியப்பா சித்தப்பாவுக்கு இருந்தால் நூற்றில் மூன்று நாலு. அவர் ஒரு நிமிஷம் யோசித்து, "எங்காத்துல டயாபடீஸ் அதை விட ஜாஸ்தி" என்றார். கல்யாணம் நிச்சயமாயிற்று.

பத்திரிகையில் பெரியப்பா என்று அண்ணா பெயரை முதலில் போட்டேன். ப்ரூஃப் பார்க்க அவரிடமே கொடுத்தேன். பழைய டிராஃப்ட்ஸ்மன் அல்லவா, ஓரம் நேராக இல்லை என்று இரண்டு இடத்தில் திருத்தினார். தன் பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காப்பி ஒன்றைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார். 2011இல் மாரடைப்பில் அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தபோது அது மருந்துச் சீட்டுகளுக்கு மேலே இருந்தது.

முகூர்த்தத்தன்று முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் அட்சதை. கை கொஞ்சம் நடுங்கியது, மருந்தினால் எப்போதும் உண்டு. கெட்டிமேளம் கொட்டுவதற்கு முன்பே அவசரப்பட்டுப் போட்டுவிட்டார். சாஸ்திரிகள் தலையில் விழுந்தது. சாஸ்திரிகள் திரும்பிப் பார்த்துச் சிரித்து, "பெரியப்பாவுக்கு இன்னொரு பிடி கொடுங்கோ" என்றார்.